ஐந்து நாள் வாடை

மழை விட்டபாடில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி ஐந்து நாளாகிவிட்டது. கடலுக்குப் போக வழியில்லாமல் தங்கச்சிமடமே போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. சகாயத்துக்கு மட்டும் பொட்டுத் தூக்கமில்லை.

அவன் வீட்டுப் பரணில், பிரிட்ஜ் வந்த காலிப் பெட்டிக்குப் பின்னால் நாலு சாக்கு கடல் அட்டை இருந்தது. பிடித்தாலும் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். அகப்பட்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஒழுங்காக வெயிலில் காய்ந்திருந்தால் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததில் மழை ஈரம் ஏறி, குடலைப் பிடுங்கும் நாற்றம். சரக்கை ஏற்றிப் போக வேண்டிய இலங்கைப் படகோ கடல் அடங்கினால்தான் வரும். மனைவி லிண்டாவுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது ஜெயிலில் இருக்க நேருமோ என்பதுதான் அவன் பயமெல்லாம்.

பக்கத்து வீட்டு பிரெசில்லா லேசுப்பட்டவளா? முதல் நாளே, "என்ன சகாயண்ணே, வாடை இந்தப் போடு போடுது?" என்று கேட்டுவிட்டாள்.

"துணி காயலம்மா" என்றான். மறுநாள் எலி செத்துக் கிடக்கிறது என்றான். மூன்றாம் நாள் செப்டிக் டேங்க் மேல் பழியைப் போட்டான். நான்காம் நாள் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், தனக்கு ஜலதோஷம், வாடையே தெரியவில்லை என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினான்.

ஐந்தாம் நாள் காலையில் பிரெசில்லா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஆபீசுக்குப் போன் போட்டுட்டேண்ணே. ஆள் வருது. என்ன ஏதுன்னு அவுகளே பாத்துக்கிடட்டும்."

எந்த ஆபீஸ் என்றுகூடக் கேட்காமல் சகாயம் உள்ளே போய் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தான்.

பத்து மணிக்கு, காக்கி கோட்டும் கையில் டார்ச்சுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"உமாமகேஸ்வரிங்க. புகார் வந்திருக்குது. வீட்டைப் பாக்கணும்" என்றவள் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே நுழைந்துவிட்டாள். கடல் அட்டை வழக்குப் போடும் வனத்துறைதான் என்று சகாயம் முடிவே கட்டிவிட்டான்.

"துணி காயல மேடம், அதான்..."

கொடியில் கிடந்ததை முகர்ந்து பார்த்தாள். "இது இல்லைங்க."

எலி என்றான். மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்து, அதுவும் இல்லை என்றாள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

பிறகு டார்ச் வெளிச்சம் சுவரில் ஏறி, பரணில் போய் நின்றது. அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"மழை நாள்ல அட்டையை இப்படி மேலே போட்டு வச்சா நாறாம என்னங்க பண்ணும்? முதல்ல அதைக் கீழே இறக்குங்க."

சகாயம் அழுதுகொண்டே கும்பிட்டான். "மேடம், இதுக்கு முன்னால கையால தொட்டதில்ல. இந்த ஒரு தடவதான். நானே இறக்கித் தாரேன், கேட்டா எழுதியும் தாரேன். புள்ளத்தாச்சியப் பாத்தாவது கொஞ்சம் எரக்கம் காட்டுங்க."

"அழாதீங்க. இறக்கிட்டாச் சரியாயிரும்."

அவனே ஏணி வைத்து ஏறி, சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி, வாசலில் கொண்டுபோய் அவிழ்த்து வைத்தான். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கூடிவிட்டது. புயல் எச்சரிக்கையை மைக்கில் சொல்லியபடி போய்க்கொண்டிருந்த கடலோரக் காவல் ஜீப் கூட்டத்தைப் பார்த்து நின்றது. இறங்கிய ஏட்டு சாக்கைப் பார்த்தார், சகாயத்தைப் பார்த்தார்.

"மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்யா" என்றபடி சகாயம் தானாகவே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். சாக்குகளும் ஏறின. லிண்டா வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கோயம்புத்தூரிலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன உமாமகேஸ்வரி, ஒன்றும் விளங்காமல் லிண்டா அருகே வந்து குனிந்தாள்.

"ஏனுங்க, நான் சொன்ன அட்டை இன்னும் மேலேயேதான் இருக்குது, அந்த நனைஞ்ச பிரிட்ஜ் அட்டைப்பெட்டியை இனி யாருங்க இறக்குவாங்க?"