மாப்பிள்ளை வீட்டார் கேட்ட வண்டி

"மாப்பிள்ளை ஊட்டுல வண்டி கேக்குறாங்க" என்றபடி ராஜம்மாள் போனை வைத்தாள்.

குமாரசாமிக்குத் திக்கென்றது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. இப்போது வந்து வண்டி என்றால் என்ன செய்வது?

"காரா, பைக்கா?"

"ரெண்டும் இல்லீங்க. பின்னாடி நிக்குதே உங்க ரயில் பெட்டி, அது. கல்யாணத்தன்னிக்குச் சீர் விளக்கு அதுல ஏறி வந்தா நல்லாருக்குமாம்."

கார் என்றாலாவது யோசித்திருப்பார். ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சூரமங்கலம் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் போட்டு, கட்டில் நீளத்துக்குத் தேக்கில் அவரே இழைத்த பெட்டி அது. ஜன்னல் ஏறி இறங்கும், உள்ளே விளக்கு எரியும். ஆயுத பூஜைக்குத் துடைக்க மகள் கோகிலவாணியை மட்டும்தான் விடுவார். வேறு யார் கை பட்டாலும் அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது.

சம்பந்தி மாரியப்பனுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. அவருக்கும் இதே பைத்தியம்தான். தன் கோழிப்பண்ணை கேட்டிலிருந்து வீட்டுக் கூடம் வரைக்கும் குட்டி ரயில் விட்டிருந்தார். ஆனால் அது அஞ்சு அங்குலப் பாதை, குமாரசாமியுடையது ஏழேகால்.

அதனால் குமாரசாமி பெரிதாகக் கவலைப்படவில்லை. பெட்டியை இரவல் கேட்கிறவர்களுக்கு, பெற்ற மகளே கேட்டாலும் சரி, அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதையே சம்பந்தியிடமும் போனில் சொன்னார்.

"குடுக்கறதுக்கென்னங்க. எங்க பெட்டி அகலம். உங்க தண்டவாளத்துல சக்கரம் நிக்காதுங்களே."

"சக்கரம் எங்க தண்டவாளத்துல படவே வேண்டாமுங்க. லாரி மேல டிராக்டரை ஏத்திட்டுப் போறமில்ல, அந்த மாதிரி தாழ்வா ஒரு டிரெய்லர் கட்டிடறேன். கீழ எங்க பாதைக்குச் சின்னச் சக்கரம், மேல உங்க பெட்டி நிக்கறதுக்கு அகலத் தண்டவாளம். உங்களை நாங்க சுமந்துட்டு வாரோம் சம்பந்தி."

அந்தக் கடைசி வார்த்தையில் குமாரசாமி கவிழ்ந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். இங்கே மாப்பிள்ளை வீட்டு வண்டி பெண் வீட்டு வண்டியை முதுகில் தூக்கிக்கொண்டு வரப்போகிறது, அதுவும் ஊர் பார்க்க. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை!

ஆனாலும் உஷார் பேர்வழி. மாரியப்பன் அளவெடுக்க வருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேண்டாமுங்க, கண்ணுல பாத்ததே போதும்" என்று சொல்லிவிட்டார். நாடா பட்டால் பாலிஷ் போய்விடுமாம்.

"சீர்ல போனதைத் திருப்பிக் கேக்க முடியாதுங்க. யோசிச்சுக்கங்க" என்றாள் ராஜம்மாள்.

"விளக்குதான் சீரு. பெட்டி அதைக் கொண்டு போற தட்டு, அவ்வளவுதான்."

"தட்டுந்தான் திரும்பி வராது" என்று முணுமுணுத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் மாரியப்பனின் பண்ணை கேட்டில் வந்து கூடினார்கள். டிரெய்லர் மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. லாரியில் வந்திறங்கிய பெட்டியைப் பலகை சாய்த்து மேலே தள்ளியதும் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டைகூட அச்சாகப் பொருந்தியது.

"நாடாவே பிடிக்கல, பாத்துக்க. நாமக்கல் பாடிக்காரங்க கண்ணே கண்ணு" என்று மனைவியிடம் சம்பந்தியை மெச்சினார் குமாரசாமி.

குத்துவிளக்கும் மஞ்சளும் உப்பும் பெட்டிக்குள் இருக்க, இஞ்சின் இழுத்தது. பின்னாலேயே கோகிலவாணியும் மாப்பிள்ளை இளஞ்செழியனும் நடந்தார்கள். தாலி கட்டியதைப் படம் எடுக்காதவர்கள்கூட இதை எடுத்தார்கள். வாசல்படி தாண்டி வண்டி கூடத்துக்குள் நுழைந்தபோது, மகளை விட்டுவிட்டுப் போகிற துக்கம்கூடக் குமாரசாமிக்கு மறந்துபோயிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெட்டியை இறக்கப் பலகையோடு போனார். குறுக்கே மாரியப்பன் நின்றார்.

"சீரா வாசப்படி தாண்டி வந்ததைத் திருப்பி அனுப்புனா ஊட்டுக்கு ஆகாதுங்க சம்பந்தி."

குமாரசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பலகையைக் கீழே போட்டார்.

"கார் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன். சுமக்கறேன் சுமக்கறேன்னு சொல்லி எம்பட பெட்டியை அமுக்கப் பாக்கறீங்களே, இது நாயமா? வண்டி கேக்கற கூட்டந்தானா நீங்களும்?"

மாரியப்பன் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, பாவம், மருமகளைப் பார்த்தார்.

குமாரசாமியும் மகள் பக்கம் திரும்பினார். "பாத்தியா சாமி, வந்த அன்னிக்கே உங்க மாமனார் புத்தியை? நீயே கேளு."

கோகிலவாணி பெட்டியின் ஜன்னலில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்குத் துடைப்பதுபோலவே, மூலை விடாமல் துடைத்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மாமாவைத் திட்டாதீங்கப்பா. அளவு குடுத்தது நானு, கேக்கச் சொன்னதும் நானு."