ஆறு கேரியர்

"தாய்லாந்துல பணத்தோட மதிப்பு விழுந்தா மயிலாப்பூர்ல நமக்கென்ன?" என்றார் குருபிரசாத், பேப்பரை மடித்தபடி.

"வெளிநாட்டுக்காரன் பயந்துண்டு இங்கே போட்டதையும் எடுத்துண்டு போயிடுவான். ஏண்ணா, நம்ம ஷேரையெல்லாம் வித்துடலாமே," என்றாள் நீரஜா, தேனாம்பேட்டை ஆபீசுக்கு அனுப்பும் சாப்பாட்டுக் கேரியரை மூடிக்கொண்டே.

"பதினஞ்சு வருஷமா மார்க்கெட்டைப் பாக்கறவன் நான். நீ உன் ஆறு கேரியரைப் பாரு."

அடுத்த வாரம் மார்க்கெட் மடமடவென்று சரிந்தது. குருபிரசாத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உன் பேர்ல வாங்கினதெல்லாம் போச்சே, நீரஜா."

"என் பேர்ல இருந்ததாலதான் தப்பிச்சது. அன்னிக்கே கையெழுத்துப் போட்டு வித்துட்டேன்."

"உனக்கெப்படித் தெரிஞ்சது?"

"நீங்க சொன்னேளேன்னு கேரியரைத்தான் பார்த்தேன். அந்தத் தேனாம்பேட்டை வெளிநாட்டு ஃபண்ட் ஆபீசுக்கு, போன மாசம்வரை தினம் முப்பது கேரியர் அனுப்பிண்டிருந்தேன்."