நினைவு சரியாக இருக்க வேண்டும்

மகன் நஸ்ரி வெள்ளிக்கிழமை கத்தாருக்கு விமானம் ஏற வேண்டும். அதற்குள் வாப்பாவின் கையெழுத்து வேண்டும்.

கிண்ணியாவில் உள்ள இந்த வீட்டை வாப்பாவுக்காக மகனே விற்கலாம் என்று அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதிக்கொண்டு, நொத்தாரிசான நானே பாலம் கடந்து வந்திருந்தேன்.

வாப்பா முஹம்மது தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இப்போது நடக்க ஏலாது.

அடுத்த லீவில் வந்து வீட்டை விற்றுக் கொழும்பில் குடியேறுவது நஸ்ரியின் எண்ணம். ஒரே மகனிடம் இவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை என்பது ஊருக்கே தெரியும். சாட்சிகள் இருவரும் அடையாள அட்டையும் கையுமாக இருந்தார்கள்.

கதவோரம் மகள் பரீனா நின்றாள். இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவளுக்கும் கல்யாணத்தன்று வாயால் கொடுத்த வீடுதான் இது. பத்து வருடமாகியும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

வாசித்துக் காட்டினேன். பிறகு வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்: மனமொப்பிக் கையெழுத்திட வேண்டும், நினைவும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது.

அவர் என்னைப் பார்த்தார். பரீனாவைப் பார்த்தார்.

இன்று என்ன கிழமை என்று கேட்டேன். பெருநாள் என்றார்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

நஸ்ரி குனிந்து அவர் கையைப் பிடித்தான். "வாப்பா, நான் ஆரு? என்ட பேரச் சொல்லுங்க."

அவர் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தெரியாதே தம்பி. நீங்க ஆருட மகன்?"

நஸ்ரி முற்றத்துக்குப் போய் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் கெட்டவன் இல்லை. சாட்சிகள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பரீனாவும் தம்பியைத் தேற்ற ஓடினாள்.

நான் கடதாசிகளை மடித்துப் பையில் வைத்தேன். சட்டப்படி இனி ஒன்றும் செய்ய ஏலாது.

"மகள்," என்று ஊர் வழக்கப்படி முஹம்மது தம்பி என்னை மெதுவாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமை வாங்க. அவன் வெள்ளிக்கிழமை போயிருவான். ஊட்டப் பரீனாட பேருக்கு எழுதணும்."

உடுத்திருந்த சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"மத்தப் பொய்யெல்லாம் லேசாச் சொல்லிட்டன். அவன்ட பேருதான் நாக்கு நுனியிலயே நிண்டுட்டு."