பக்கத்துக் கட்டில்

“கத்தாதம்மா. அந்தத் தெம்பை மிச்சம் பிடி. கடைசியில முக்குறதுக்கு வேணும்.”

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். டீச்சர் கத்துவதைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். பதினைந்து வருடங்களாகக் கணக்கு வகுப்பில் “கத்தாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிரசவ அறையில் இரண்டே கட்டில்கள். நடுவில் கூரைக் கம்பியிலிருந்து தொங்கும் திரை. காலை ஏழு மணிக்கு அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வயது முப்பத்தொன்பது, தலைப்பிரசவம். கணவர் வெளியே வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். இப்போது மணி பத்தரை.

“யாருங்க அது?”

“பக்கத்துக் கட்டில். பேசுறதை விடு. அடுத்த வலி வர்றதுக்குள்ள மூச்சை இழுத்து விடு. மூக்கால இழு, வாயால விடு. ஆங்... அப்படித்தான்.”

கரகரத்த, கனமான குரல். டீச்சர் மனதுக்குள் ஓர் உருவம் போட்டுக்கொண்டாள். நாற்பது வயதாவது இருக்கும். நல்ல பெருத்த உடம்பு. வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் சோற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“உங்களுக்கு இது எத்தனாவதுங்க?”

“அதையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தா பெத்த மாதிரிதான்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவிலேயே வலியும் வந்தது. இடுப்பை யாரோ இரண்டு கையாலும் துணி பிழிவது போலப் பிழிந்தார்கள். மூக்கால் இழுத்தாள். வாயால் விட்டாள். வலி போனது. கத்தவில்லை.

டாக்டரம்மா வந்து பரிசோதித்தார். வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையிலிருந்து ஒரு ஒயர் பக்கத்து மிஷினுக்குப் போயிருந்தது. மிஷினிலிருந்து வெளிவந்த தாளைக் கையில் எடுத்து, முகம் சுளிக்காமல் நிதானமாகப் படித்தார்.

“கர்ப்பப்பை வாய் முழுசாத் திறந்தாச்சு. ஆனா ஒவ்வொரு வலிக்கும் குழந்தையோட துடிப்பு இறங்குது. அரை மணி நேரம் பாக்குறேன். அதுக்குள்ள நீங்க முக்கி வெளிய கொண்டுவரணும். இல்லன்னா ஆபரேஷன்.”

“இப்பவே வெட்டி எடுத்துடுங்க டாக்டர். என்னால முடியாது.”

“அரை மணி,” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கை கழுவப் போனார். நர்ஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கணவரிடம் கையெழுத்து வாங்க வெளியே போனாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

“முடியாதுன்னு எவ்வளவு சத்தமா சொல்ற! அந்தச் சத்தத்துல பாதியை அடிவயித்துல காட்டுனாப் போதும்.”

“நீங்க சொல்லுவீங்க. உங்களுக்குப் பழகிப்போச்சு.”

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

“இதுல பழக்கம்னு ஒண்ணும் கிடையாதும்மா,” என்றது குரல். “நேத்து உன் கட்டில்ல ஒருத்தி, ‘நான் வீட்டுக்குப் போறேன், என் செருப்பை எடுங்க’ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. அடுத்த பத்தாவது நிமிஷம் புள்ள வந்துருச்சு. முடியாதுன்னு தோணுற இடம்தான், எல்லாம் முடியுற இடம்.”

நர்ஸ் திரும்பி வந்து டீச்சரின் காலருகே நின்றாள். வலி மறுபடி கிளம்பியது.

“தொண்டையில முக்காத!” என்றது குரல். “தாடையை நெஞ்சோட ஒட்டு. கீழ முக்கு. நான் எண்ணுறேன். பத்து வரைக்கும் விடாத. ஒண்ணு... ரெண்டு...”

“பக்கத்துக் கட்டில் சொல்றது சரிதான். செய்ங்க,” என்றாள் நர்ஸ்.

ஒன்றிலிருந்து பத்து வரை இவ்வளவு தூரம் இருக்கும் என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் தடவை ஆறிலேயே விட்டுவிட்டாள். அடுத்த முறை எட்டு. மிஷின் டொக் டொக் என்று தயங்கியது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏழு... எட்டு... விடாத, விடாத, தலை வந்துருக்கும்... ஒம்போது...”

பத்து என்று குரல் சொல்வதற்குள் குழந்தை அழுதது.

பெண் குழந்தை. மணி பதினொன்று பத்து. எடை இரண்டு கிலோ எண்ணூறு. துடைத்து எடுத்து டீச்சரின் நெஞ்சின்மேல் வைத்தார்கள். இத்தனை வருடம் காத்திருந்ததற்குப் பெரிதாக ஏதாவது தோன்றும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. குழந்தையின் காது மடங்கி, ஈரமாக இருந்தது. அதை விரலால் நீவி நிமிர்த்தினாள். அது மறுபடி மடங்கியது. மறுபடி நிமிர்த்தினாள்.

பிறகுதான் அந்தக் குரலின் நினைவு வந்தது.

“பொண்ணுங்க,” என்றாள் திரையைப் பார்த்து. “நீங்க மட்டும் இல்லன்னா என் வயித்தைக் கிழிச்சிருப்பாங்க.”

வேகவேகமாக மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“சிஸ்டர், அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்களேன். அவங்க முகத்தை ஒரு தடவை பாத்துக்கறேன்.”

நர்ஸ் சிரித்தபடி திரையை ஓரமாகத் தள்ளினாள். “பாருங்க. தேதி தள்ளிப்போய் வந்து சேர்ந்தவ, ரெண்டு நாளா எப்ப வலி வரும்னு பயந்து பயந்து அழுது தொண்டை கட்டிப்போச்சு. உங்க கட்டில்ல படுத்த நாலு பேருக்கு நாங்க சொன்னதையெல்லாம் அப்படியே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா.”

பத்தொன்பது வயதுகூட இருக்காத ஒல்லிப் பெண் ஒருத்தி, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கு இப்பத்தான் வலி ஆரம்பிக்குது... உண்மையைச் சொல்லுங்க, ரொம்ப வலிக்குமா?”