நரிக்கு ஊற்றிய டீ

"பேசுற ஓநாய் சரி, தொப்பி போட்ட நரி சரி. ஆனா மூணாம் பக்கத்தை ஒரு குழந்தையும் நம்பாது புருல்சா அக்கா" என்றார், பிஷ்கேக்கில் சிறுவர் பத்திரிகை நடத்தும் தொக்தோபெக்.

புருல்சாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடமாகக் கதை எழுதுகிறாள்.

"ஓநாய் பேசுறதையே நம்புற பிள்ளைங்க, அது விருந்தாளிக்கு டீ குடுக்கிறத நம்பாதாக்கும்?"

"குடுத்த விதம் சரியில்ல."

"ரொம்ப நாள் கழிச்சு நரியைப் பாத்த சந்தோஷத்துல குடுக்குது. அதுல என்ன விதம் வேண்டிக்கிடக்கு? குழந்தைங்க கதைதானே, இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறா?"

தொக்தோபெக் கெட்டிலை எடுத்து, காலியாக இருந்த அவளுடைய கிண்ணத்தில் விளிம்பு வரை டீயை ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தினார்.

புருல்சாவின் முகம் சிவந்தது. கதைத் தாள்களை வாரிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கிண்ணத்தை ரொப்பிட்டுக் கேள்வி வேறயா? பாதி ஊத்துனா 'இருந்து பேசு'ன்னு அர்த்தம், ரொப்புனா 'எடத்தைக் காலி பண்ணு'ன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாமலா இந்த ஊர்ல பொறந்தேன்?"

"உங்க நரியும் இந்த ஊர்தானே அக்கா? மூணாம் பக்கத்துல ஓநாய் வழிய வழிய ஊத்துது. நரி எட்டாம் பக்கம் வரைக்கும் உக்காந்து ஊர்க்கதை பேசுதே!"

கதவருகில் போனவள் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள்.

"நரிக்கு நான் கொறச்சுக்கறேன். மொதல்ல நீங்க எனக்குக் கொறைங்க."