அம்மாவின் நெற்றியில் ரோஜாக்கள்

“எங்கம்மா தலைய எடுத்துக் குடுங்க, ஃபாதர்.” கோயில் எலும்பறையில் வைத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது அந்த ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தின் வழக்கம். வால்புர்கா கேட்டுவிட்டாள். வெளியே ஏரி நீரில் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்தில் மண்டையோடுகள் வரிசையாக இருக்கின்றன. ஆண்களுக்கு இலைக்கொடி, பெண்களுக்கு ரோஜா, நெற்றியில் பெயர் என்று வரைந்திருக்கிறது. ஊர் வழக்கப்படி அம்மாவைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து, வெயிலில் வெளுக்க வைத்து, ரோஜா வரைந்தவள் வால்புர்காதான். அந்த ரோஜாக்களுக்குக் கீழே இப்போது ஒரு கறுப்புக் கண்ணாடி. மாட்டிவிட்ட சுற்றுலாக்காரன் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுக்கிறான். “சிரிங்க மேடம்!” கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஃபாதர் கொர்பினியன் குரலைத் தாழ்த்துகிறார். “விளையாட்டுக்குத்தானேம்மா. இவங்க வரலேன்னா கோயில் கூரை ஒழுகும். காலேஜ் படிச்சா வாய் இவ்ளோ நீளுமா?” “எங்க வீட்ல இதுவரைக்கும் யாருக்கும் நீளல, ஃபாதர். அதான் நெலம இங்க வந்து நிக்குது. உங்கம்மாவுக்கு மாட்டுவீங்களா இந்தக் கண்ணாடிய?” அவர் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே நிற்கிறார். அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், கண்ணாடியைக் கழற்றிச் சுற்றுலாக்காரன் கையில் திணிக்கிறாள். கழுத்துத் துணியில் அம்மாவைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறாள். வீட்டு ஆப்பிள் மரத்தடியில் காலையிலேயே குழி வெட்டியாகிவிட்டது.