திரையில் சிவப்பு

மூளைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிய டாக்டரின் முகம் மாறியது. பக்கத்தில் ஸ்கேன் டெக்னீஷியன் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

“என்னம்மா, காலையிலேர்ந்து பேனாவோட சண்டையா?” என்றவர், திரையைத் தொட்டுக் காட்டினார். “இடது பக்கம் இந்தச் சிவப்பைப் பாரு. ரத்த ஓட்டம் தாறுமாறா இருக்கு. கட்டிதான். பழைய மெஷின்ல இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்காது.”

“கெட்ட கட்டியா சார்?”

“அப்படித்தான் தோணுது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். வீட்ல யாரு இருக்காங்க?”

“வீட்டுக்காரரு. ரெண்டாவது படிக்கிற பொண்ணு.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “நீயே பக்குவமாச் சொல்லிடேன். உனக்குத்தான் நோயாளிங்ககிட்ட நல்லாப் பேச வரும்.”

“இந்தத் தடவை நீங்களே சொல்லுங்க சார்.”

“சரி, உள்ள வரச் சொல்லு.”

அவள் வாசல் பக்கம் போகவில்லை. குனிந்து பேனாவை எடுக்கப் பார்த்தாள். வலது கை விரல்கள் மடங்க மறுத்தன.

“புது மெஷினைச் சோதிச்சுப் பாக்க, நல்லா இருக்கற மூளை ஒண்ணு வேணும்னு நேத்துக் கேட்டீங்களே சார். நான்தான் போய்ப் படுத்தேன்.”